வேட்டியில் விழுந்த முகம்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. லேலோங் மட்டும்தான் உண்டு. ஏலம் என்பதை எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருமே லேலோங் என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரத் துரைமார் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைப் பங்களா வாசலிலேயே கூவி விற்றுவிட்டுப் போவார்கள். ரப்பர் விலை விழுந்து துரைமார்களுக்கே சீட்டுக் கிழிந்த காலம் அது. ஞாயிறு தவறாமல் எங்காவது ஒரு பங்களாவில் லேலோங் நடக்கும். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல் இவர் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். சிக்னல் விளக்குகளைத் துடைத்து, திரி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது அவர் வேலை. நாளெல்லாம் கரியில் கிடந்துவிட்டு வருகிற மனிதருக்குத் துரைமார் வீட்டுப் பளபளப்பின் மேல் ஓர் ஆசை. வாங்குகிற சாமான் எதற்கு என்று அவருக்கும் தெரியாது, விற்கிறவனும் சொல்ல மாட்டான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவர் கெட்டிக்காரர், ஆகவே எதையும் சும்மா விட்டதில்லை. ரொட்டித் துண்டுகளை நிறுத்தி வைக்கும் வெள்ளிக் கம்பிச் சட்டத்தில் எங்கள் வீட்டில் வெற்றிலை நின்றது. வேகவைத்த முட்டையை வைத்துச் சாப்பிடும் குட்டிக் கிண்ணங்களில் தீபாவளி லேகியம் கொடுத்தோம். ரோஜாப்பூ வரைந்த மூடி போட்ட சூப்புச் சட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பு. குதிரை ஏறுகிறவர்கள் முழங்கால்வரை மாட்டும் பூட்ஸ் ஒன்றும் வந்தது, அதுவும் ஒற்றைக் கால். அதற்கு மட்டும் அவரால் வேலை கண்டுபிடிக்க முடியவில்லை. குடை வைக்கலாம் என்றார். எங்களிடம் குடை இல்லை.

தீபாவளிக்கு அண்டை அயலாருக்குப் பலகாரத் தட்டோடு ஒரு லேலோங் சாமானும் போகும். சீனன் கடைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி, வாழைநாரால் கட்டி, அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். "பழசக் கொண்டாந்து பரிசுன்னு நீட்டுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்பேன். "வெள்ளிக்குப் பழசு புதுசு ஏது?" என்பார். வாங்கியவர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் கதை நகரும். அவர் புருஷன் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிரித்தால் தெருமுனைவரை கேட்கும், சண்டை போட்டால் அதற்கும் அப்பால் கேட்கும். கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கி, மீன் எது கருவாடு எது என்று தெரியாமல் விழித்த எனக்குப் பாசார் என்கிற சந்தையைச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். அப்படிப்பட்டவர் தீபாவளி நெருங்கினால் மட்டும் வாய் அடங்கிவிடுவார்.

காரணம் தெரிந்தது முதல் தீபாவளிக்குச் சேலை எடுக்க அவரோடு கிள்ளானுக்குப் போனபோதுதான். ரயில்வேக்காரர் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. கிள்ளானில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் ஜவுளிக்கடை அக்காவுக்கு வழக்கம். தனக்கு ஒன்று பேரம் பேசி எடுத்த பிறகு, "இன்னொண்ணு வேணும்" என்றார்.

"யாருக்கும்மா?"

"எங்கம்மாவுக்கு."

"அம்மா கறுப்பா, செவப்பா? உசரமா, குட்டையா? சொன்னாத்தானே தோதா எடுத்துப் போடலாம்."

அக்கா விரித்த சேலையை மடிக்கத் தொடங்கினார். முதலாளி மறுபடி கேட்டார். "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது சொன்னார். அவருடைய அம்மா கிள்ளான் பக்கத்தில் ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். அக்காவுக்கு மூன்று வயதாக இருந்தபோது துரைக் குடும்பம் சீமைக்கு விடுமுறைக்குப் போனது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வருகிற வழியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உயிர் போனதும் உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். சமாதி இல்லை, சாம்பல் இல்லை, படம் என்று ஒன்று எடுத்ததே இல்லை. அக்காவின் அப்பா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்காத மனிதர். துருவித் துருவிக் கேட்டதற்கு ஒரே ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். தவழ்கிற வயதில் அக்கா கொதிக்கிற கஞ்சிப் பானையை இழுத்துவிட்டாராம். குழந்தைமேல் விழ வேண்டிய கஞ்சியை அம்மா வலது கையைக் குறுக்கே நீட்டித் தாங்கிக்கொண்டாளாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெந்து, ஆறிய பிறகும் வெளுத்தே கிடந்ததாம். அதைச் சொன்ன கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோம். புதுத்துணி வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, படம் இருந்தால் மாலை போடுவோம். அக்கா வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும், அதன் முன்னால் மடித்த சேலை இருக்கும்.

"மொகம் தெரியாத ஆளுக்குச் சோறு போடுறேன் தங்கச்சி. வந்தாளா, சாப்பிட்டாளா, எனக்கு எப்படித் தெரியும்? எந்தக் கலரு அவளுக்கு எடுக்கும்னுகூடத் தெரியல" என்றார். என் அம்மா ஊரில் உயிரோடு இருந்தாள். கண்ணை மூடினால் அவள் மூக்குத்திவரை தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு முன்னால் இவர் லேலோங்கிலிருந்து தலைச்சுமையாக ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். சீமைக்கே திரும்பிப் போகிற ஒரு கிழட்டுத் துரையின் வீடாம். நாற்காலி, மேசை, பியானோ எல்லாம் விற்ற பிறகு மூலையில் யாரும் சீந்தாமல் கிடந்ததாம். உள்ளே தகரத்தில் செய்த ஒரு விளக்கு. மேலே புகைபோக்கி, முன்னால் பித்தளைக் குழாயில் பதித்த பூதக்கண்ணாடி. கூடவே காகிதத்தில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் நகத்தளவு மனிதர்கள் தெரிந்தார்கள்.

"இது படம் காட்டுற விளக்கு. தீபாவளிக்கு வாரவங்களுக்கு நம்ம வூட்டுல பயாஸ்கோப்பு" என்றார்.

"ஆமா, பூட்ஸ் காலுல கொடை வைக்கலாம்னு சொன்ன ஆளுதானே நீங்க" என்றேன்.

ஆனால் விளக்கு என்றால் அவர் கை சும்மா இருக்குமா? திரி மாற்றினார், கரி சுரண்டினார், பூதக்கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். முதல் தடவை ஏற்றிப் பார்த்தபோது சுவரில் ஒரு துரைசாணி தலைகீழாகத் தொங்கினாள். அவர் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, கண்ணாடித் துண்டை எடுத்து ரொட்டியைப் புரட்டிப் போடுவதுபோல் கவிழ்த்துச் செருகினார். துரைசாணி காலில் நின்றாள். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சிக்னல் இறங்கியதுபோல் கையைக் கையை ஆட்டினார்.

தீபாவளி அன்று சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்தது. இருட்டியதும் வரிசை வீட்டு ஜனங்கள் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மலாய்க்கார ரயில் கார்டும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அக்காவும் அவர் புருஷனும் சுவரோரம் இருந்தார்கள். சூப்புச் சட்டி காலியாகியிருந்தது. கம்பிச் சட்டத்தில் வெற்றிலை குறைந்துகொண்டே வந்தது. இவர் தன் புதுவேட்டியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டச் சொட்டச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஈரமாக இருந்தால்தான் படம் பளிச்சென்று இருக்குமாம். புதுவேட்டியில் ஆணி அடித்தால் அடுத்த வருஷம் வேட்டி கிடையாது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மற்ற விளக்குகளை அணைத்தோம். மண்ணெண்ணெய் வாசனை கிளம்பியது. வேட்டியில் ஒரு மங்கலான வட்டம் விழுந்தது, அவர் குழாயைத் திருகினார், வட்டத்துக்குள் ஒரு கப்பல் வந்து நின்றது.

நான் அதுவரை இரண்டு முறை கொட்டகையில் பயாஸ்கோப் பார்த்தவள். அதில் படம் ஓடவே செய்யும். ஆனால் அது கொட்டகை. இது நான் துவைத்து மடிக்கிற வேட்டி, நான் பெருக்கித் துடைக்கிற சிமெண்டுத் தரை, என் அடுப்பின் புகை படிந்த சுவர். அதில் கடல் வந்து நிற்கிறது. என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் கூப்பியிருந்தார்கள். மலாய்க்காரர் மனைவி வாயை முக்காட்டால் பொத்தியிருந்தாள்.

கப்பலுக்குப் பிறகு பஞ்சு கொட்டியதுபோல் வெள்ளையாய் மூடிய ஒரு தெரு. அது பனி என்றார் இவர். கையில் எடுத்தால் தண்ணீராகிவிடும் என்றார். யாரும் நம்பவில்லை, ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை. பிறகு துரைமார் கூட்டம் ஒன்று, மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் அக்கா கத்தினார்.

"ஐயே, அந்தத் துரையப் பாருங்க, பீச்சாங்கையால சாப்பிடுறான்!"

பார்த்தால் அவன் மட்டுமில்லை. துரைசாணி இடது கையால் தேநீர் ஊற்றினாள். இன்னொருவன் இடது கையை நீட்டி ஒருவன் கையைக் குலுக்கினான், அவனும் இடது கையைத்தான் கொடுத்தான். "சோத்துக்கை எது, மத்தக் கை எதுன்னு தெரியாத சாதியா இருக்கே, இவங்க எப்படி ஊரை ஆளுறாங்க?" என்று அக்காவின் புருஷன் கேட்டார். கூடமே சிரித்து உருண்டது. துரைகள் எல்லோரும் வீட்டுக்குள் இடதுகைக்காரர்கள், வெளியில் வந்தால் மறைத்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் முடிவு கட்டினோம். அந்தத் தெருவில் அந்த நம்பிக்கை பத்து நிமிஷம் அசைக்க முடியாமல் இருந்தது.

இன்னும் சிரிப்பு அடங்காத நேரத்தில் அடுத்த கண்ணாடி உள்ளே போனது.

ஒரு பங்களாவின் படிக்கட்டு. துரையும் துரைசாணியும் நாற்காலியில். அவர்களுக்குப் பின்னால், ஓரமாக, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு தமிழ்ப் பெண். இடுப்பில் லேஸ் சட்டை போட்ட வெள்ளைக் குழந்தை. குழந்தையைச் சுற்றி முன்னால் வந்த கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெளுப்பாக ஒரு திட்டு. நான் அதை அப்புறம்தான் பார்த்தேன். முதலில் பார்த்தது முகத்தை.

"ஏ புள்ள," என்றார் அக்காவின் புருஷன், "நீ எப்ப அங்க போய் நின்ன?"

சிரிக்க வாயெடுத்தவர்கள் சிரிக்கவில்லை. அகன்ற நெற்றி, சற்றுத் தூக்கிய மோவாய், கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத அந்த வாய். எல்லாத் தலைகளும் வேட்டியிலிருந்து அக்காவிடம் திரும்பின, அக்காவிடமிருந்து வேட்டிக்குத் திரும்பின. அக்கா மட்டும் எங்களைப் பார்த்து, "யாரு அந்தப் பொம்பள? எதுக்கு என்னப் பாக்குறீங்க?" என்றார். தன் முகத்தை அடையாளம் தெரியாத ஒரே ஆள் அந்தக் கூடத்தில் அவர்தான்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, கையில பாருங்க. வெந்த தழும்பு."

அவர் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். அக்காவின் முகம் அணைந்துபோனதை இருட்டிலும் என்னால் பார்க்க முடிந்தது.

"அது எடது கை தங்கச்சி" என்றார். "எங்கம்மாவுக்கு வலது கை. எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, அதத் தப்பாச் சொல்லியிருக்க மாட்டாரு. இது வேற யாரோ."

அவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகொண்டிருந்த எங்களுக்கு, பிடித்து வைத்திருந்த ஒன்று கைநழுவியதுபோல் இருந்தது. "கண்ணாடி சூடேறுது, வெடிச்சிரும்" என்று இவர் அதை எடுக்கக் கை வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்கு ஒரு விளக்கா? அந்த ஆத்திரத்தோடுதான் வேட்டியை முறைத்தேன். அந்தப் பெண்ணின் சேலை கண்ணை உறுத்தியது.

"இருங்க, எடுக்காதீங்க!" என்று கத்தினேன். "அந்தப் பொம்பளயோட மாராப்பப் பாருங்க. வலது தோளுல கெடக்கு. நம்ம பொம்பளைங்க யாரு வலது தோளுல போடுறது?"

பெண்கள் எல்லோரும் தங்கள் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இடது தோள். எல்லோருக்கும் இடது தோள்.

"தொரைங்க பீச்சாங்கைக்காரங்க இல்ல," என்றேன், "நீங்கதான் கண்ணாடியப் பொரட்டிப் போட்டிருக்கீங்க."

சிக்னல் விளக்குக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சிவப்புக்குப் பச்சை காட்டிவிட்ட ஆள்போல் விழித்தார். கண்ணாடியைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தார். வேட்டியில் வெறும் வெளிச்சம் மட்டும் நின்றது. அவர் அதை ஊதி ஆறவைத்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தார். இவர் முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, தலைகீழாகவே செருகினார்.

படிக்கட்டு வந்தது. துரையும் துரைசாணியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஓரத்தில் நின்ற ஆயா அந்த ஓரத்துக்குப் போயிருந்தாள். மாராப்பு இடது தோளில். குழந்தையைச் சுற்றிய கை, வெந்து வெளுத்த அந்தக் கை, வலது கை.

இந்த வயதுவரை நான் எத்தனையோ கோயில் பார்த்துவிட்டேன். திரை விலகித் தீபம் காட்டுகிற நேரத்தில் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று அந்த ஈரவேட்டி முன்னால் சிலிர்த்ததுபோல் இல்லை. கடலில் போட்டவள் கடல் தாண்டி, யாரும் சீந்தாத பெட்டிக்குள் கிடந்து, இவருடைய தலைமேல் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தீபாவளிக்கு வந்திருக்கிறாள்.

அக்கா எழுந்து வேட்டியை நோக்கி நடந்தார். வெளிச்சத்தின் குறுக்கே போனதும் படம் அவர் முதுகில் விழுந்தது. ஆயாவின் முகமும் குழந்தையும் அந்தத் தழும்பும் அக்காவின் புதுச்சேலைமேல் நெளிந்தன. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவருக்கு முன்னால் வேட்டியில் இருந்தது அவருடைய நிழல் மட்டும்தான். "எங்க போச்சு? எங்க போச்சு?" என்று துணியைத் தடவினார்.

"கிட்டப் போனா தெரியாது அக்கா, பின்னால வாங்க" என்றார் இவர்.

அக்கா பின்னால் வந்து விளக்கின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோயிலில் குழந்தை பார்ப்பதுபோல் இமைக்காமல் பார்த்தார். "கறுப்புத்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "உசரந்தான்" என்றார். இவர் சூடேறும்போதெல்லாம் எடுத்து, ஆறவைத்து, மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் யாரும் அடுத்த படம் கேட்கவில்லை. மலாய்க்காரர் மனைவி அக்காவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் இவர் அந்தக் கண்ணாடியைப் பஞ்சு சுற்றி, சிவப்புக் காகிதத்தில் மடித்து, வாழைநாரால் கட்டினார். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரிய ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பழசைப் பரிசென்று நீட்டுவதற்காக நான் அவரைத் திட்டாத ஒரே தீபாவளி அது. அதற்கப்புறம் வந்த லேலோங்குகளுக்கு வட்டியும் முதலுமாகத் திட்டினேன், அது வேறு.

அடுத்த வருஷம் படையலில் செம்பு இல்லை. குத்துவிளக்குக்கு முன்னால் கண்ணாடி நின்றது, பின்னால் எரியும் சுடரில் அந்த முகம் தெரிந்தது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அதற்கும் முந்தின வாரம். அக்காவும் நானும் வழக்கம்போல் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். தனக்கு எடுத்த பிறகு, "இன்னொண்ணு வேணும், எங்கம்மாவுக்கு" என்றார். முதலாளி கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை நீட்டி, அடுக்கின் நடுவிலிருந்து மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒன்றை உருவினார். கடைச் சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நின்று, அதைத் தன் தோளில் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்கம்மாவுக்கு எடுக்கும்" என்றார்.